பொந்தியானில் நான் ரேடியோவைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

பெண் பார்க்கப் போன வீட்டில் ரேடியோவைப் போட்டு மானத்தை வாங்கிக்கொண்டவன் நான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே எழுந்து போய், நானே குமிழைத் திருகி, நானே ஸ்டேஷனைப் பிடித்து, நானே சத்தத்தையும் கூட்டினேன். (சத்தத்தைக் கூட்டியதை மட்டும் என் அத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.)

இதைப் புரிந்துகொள்ள என் நோட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பதிமூன்று வயதிலிருந்து எழுதி வருகிறேன். நாட்குறிப்பு அல்ல. ரேடியோவில் எனக்குப் பிடித்த பாட்டு வந்தால் தேதி, மணி, நான் இருந்த இடம், வானிலை, ஒலி எப்படி வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஆறு கட்டம் போட்டு நிரப்பும் நோட்டு. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், ஜொகூர் தெப்ராவில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியில் ஏரியலைச் சாய்த்து வைத்தால் சிங்கப்பூர் எஃப்.எம். பக்கத்து அறையில் பேசுவதுபோல் வரும். அதில் ஓர் ஆங்கில நிலையம் ஆல்டர்நேட்டிவ் ராக் பாட்டுகளாகப் போடும். கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: கிட்டார் ஏதோ கோபத்தில் இருக்கும். டிரம் அதைச் சமாதானப்படுத்தப் பார்க்கும். பாடுகிறவர் இரண்டையும் கண்டுகொள்ளாமல், வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி நகராண்மைக் கழகத்தில் புகார் சொல்வதுபோல் பாடிக்கொண்டே போவார். திடீரென்று ஓர் இடத்தில் மூன்றும் ஒன்று சேரும். அந்த இடத்தில் எனக்கு இப்போதும் முதுகு சிலிர்க்கும்.

"ஊசி போடாம யாருக்கோ பல்லு புடுங்குறாங்க" என்பது சரோஜா அத்தையின் கருத்து. என் அப்பாவின் தங்கை. எனக்குப் பெண் தேடும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்.

எனக்கு முப்பது வயதாகும்போது அத்தை ஜொகூர் மாநிலத்தை மாவட்டம் மாவட்டமாகச் சலித்துவிட்டார். தங்காக், மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட். ஐந்து ஊர், ஐந்து கேசரி, ஐந்து "யோசிச்சுச் சொல்றோம்". இதில் ஒரு புவியியல் உண்மை உண்டு. அந்த ஊர்களில் சிங்கப்பூர் ஸ்டேஷன் எனக்கு எடுக்காது. நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக இரைச்சல் கூடி, பாட்டு செத்துவிடும். திரும்பி வரும்போது சிம்பாங் ரெங்கம் அருகேதான் உயிர் வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் பெண் வீட்டில் மூஞ்சி தொங்கிப்போய், காருக்குள் யாரும் பேசாமல் வெகுதூரம் வந்த பிறகு, அதே இடத்தில், கரகரவென்று ஒரு பாட்டு என்னைத் தேடி வந்து சேரும். நோட்டைத் திறந்தால் ஐந்து பதிவுக்கும் 'இடம்' என்ற கட்டத்தில் சிம்பாங் ரெங்கம்தான். என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து பாட்டுகள் அவை.

கூடவே வந்துகொண்டிருந்த என் அம்மா ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டார். "நான் வந்தாதான் நடக்க மாட்டேங்குது போல. நீங்க ரெண்டு பேரும் போங்க."

ஆறாவது இடம் பொந்தியான். பெண் பெயர் யோகேஸ்வரி. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அவள் அப்பா கஸ்டம்ஸில், அதாவது சுங்கத்துறையில், முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை கைப்பேசியில் காட்டிய படத்தில் அந்தப் பெண் சிரிக்கவில்லை. படம் எடுக்கிறவர் ஏதோ தப்புச் செய்துகொண்டிருக்கிறார், அதை எப்போது சொல்லலாம் என்று காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடித்துவிட்டது. நான்கு நாள் கைப்பேசியை அத்தையிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அதோடு பொந்தியானில் சிங்கப்பூர் எஃப்.எம். பிரமாதமாக எடுக்கும். (இதை ஒரு நல்ல சகுனமாகவே நான் எடுத்துக்கொண்டேன். சோதிடம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்யும் ஆள் அப்போதும் நான்தான்.)

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, குணா" என்றார் அத்தை. "இதுதான் நாம பாக்குற முதல் இடம்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அஞ்சு இடம் போயிருக்கோமே, அத்தே."

"அஞ்சு பேர் வேணாம்னு சொன்ன மாப்பிள்ளைய ஆறாவது ஆளு ஏன் எடுப்பான்? நீ வாயத் திறக்காம இருந்தா போதும்."

வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியும். பிரச்சினை, நான் அதற்குள் எழுதிவிட்டிருந்தேன்.

அந்த ஸ்டேஷனில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் தங்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டுகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் நினைவுகளையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் வாசிப்பார்கள். பொந்தியான் போவது முடிவான அன்றே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். தேதி, மணி, வானிலை எல்லாம் சேர்த்து. தங்காக்கில் பெண்ணின் அண்ணன் எங்களைத் தன் துணிக்கடைக்கு அழைத்துப் போனதும், அத்தை மூன்று சேலை எடுத்ததும், மறுநாள் அவர்கள் வேண்டாம் என்றதும். பத்து பகாட்டில் தவறான வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, இருபத்திரண்டு நிமிடம் பலகாரம் சாப்பிட்ட பிறகுதான் அந்த வீட்டில் பெண்ணே இல்லை என்று தெரிந்ததும். மூவாரில் பெண்ணின் அப்பா என் நோட்டைப் பற்றி மரியாதைக்குக் கேட்க, நான் இரண்டு மணி நேரம் விளக்கியதும். கடைசிப் பத்தி இது: 'இந்த மாதம் இரண்டாம் ஞாயிறு பொந்தியான் போகிறேன். ஆறாவது. இந்த முறை நடக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். எனக்காக ஒரு பாட்டு போடுங்கள்.' கீழே முழுப் பெயர், ஊர்.

என் கணக்கு நேரானது. முதல் ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டாம் ஞாயிறு நான் தெம்பாகப் போவேன்.

ஆனால் ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கடலுக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும். முதல் ஞாயிறு சிங்கப்பூர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தபோது நான் அரசு அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ கேட்க வழியில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் நோட்டில் 'கடிதம்: நிராகரிப்பு' என்று பதிந்துவிட்டேன். (எனக்கு அந்தச் சொல் கைவந்த சொல்.) உண்மையில் அன்று ஏதோ விளையாட்டுப் போட்டியை நேரடியாக ஒலிபரப்பியதால் நிகழ்ச்சி ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. இத்தனை வருடம் அந்த ஸ்டேஷனின் ஒவ்வொரு அசைவையும் குறித்து வைத்தவனுக்கு இந்த ஒன்று தெரியவில்லை.

யோகேஸ்வரிக்கு ஞாயிறுதான் விடுமுறை. அதனால் இரண்டாம் ஞாயிறு நான் லீவு போட்டுவிட்டு, அத்தையை ஏற்றிக்கொண்டு, பெக்கான் நானாஸ் வழியாகப் பொந்தியான் போய்ச் சேர்ந்தேன். பத்து ஐம்பதுக்கு வீட்டு வாசலில் இருந்தோம். இந்த ஒரு நேரம்தான் அன்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

கூடத்தில் பெண்ணின் அப்பா, அம்மா, நாங்கள் இருவர். கறி அடைத்துப் பொரித்த கறிபாப், முறுக்கு, தேநீர். கேசரி இல்லை என்பதை நான் கவனித்தேன். பெண் ஒரு முறை வந்து, வணக்கம் சொல்லி, என்னை நேராகப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். படத்தில் இருந்த அதே பார்வை.

"முதல் இடமே நல்ல இடமா அமைஞ்சிருக்கு, அண்ணே" என்றார் அத்தை.

"எங்களுக்கும் இதான் முதல்" என்றார் அப்பா. அவர் என்னை அளந்து பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு?" என்றார்.

"ரேடியோ கேப்பேன், அங்கிள்."

"நம்ம வீட்லயும் நல்ல செட் இருக்கு. பழசு. ஸ்டேஷன் சரியா நிக்க மாட்டேங்குது."

சுவரோரம் அலமாரிமேல் பெரிய செட் ஒன்று இருந்தது. எனக்குள் என்ன புகுந்ததோ. "நான் பாக்கட்டுமா, அங்கிள்?" என்று எழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு குமிழை ஒரு இழை திருப்பினேன். கண்ணாடி மாதிரி நின்றது ஸ்டேஷன். ஏதோ பாட்டின் கடைசி கிட்டார் அடங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் புருவம் உயர்ந்தது. நான் பெருமையோடு சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"காலை வணக்கம்" என்றார் அறிவிப்பாளர். (எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.) "போன வாரம் வர வேண்டியது இன்று வருகிறது. இந்த மாதக் கடிதம் ஜொகூரிலிருந்து. தெப்ராவ் குணசேகரன்."

நான் எழுந்துவிட்டேன். ரேடியோவை நோக்கி இரண்டு அடியும் வைத்துவிட்டேன். அப்பா உட்கார்ந்தபடியே வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். முப்பது வருடம் லாரிகளை நிறுத்திய கை.

"இருங்க தம்பி. உங்க பேரா இருக்கே."

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அறிவிப்பாளருக்கு நல்ல குரல். ஒவ்வொரு சொல்லையும் ருசித்து வாசித்தார். பெண்ணின் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது.

"என்ன சொல்றான்?"

"தங்காக்ல ஒரு பொண்ணு பாத்திருக்காங்க" என்றார் அப்பா, முகத்தில் எதுவும் காட்டாமல். "வேணாம்னுட்டாங்களாம்."

"அது வேற குணசேகரனா இருக்கும், அண்ணே" என்றார் அத்தை. "தெப்ராவ்ல ஏகப்பட்ட குணசேகரன்."

ரேடியோ அடுத்த வரிக்குப் போனது. 'இந்த ஐந்து பயணத்திலும் என் சரோஜா அத்தை உடன் இருந்தார். ஜொகூரில் அவர் கேசரி சாப்பிடாத மாவட்டம் குறைவு.'

அத்தை கையில் இருந்த கறிபாப்பை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

அப்பா விடாமல் மொழிபெயர்த்தார். மூவார். பத்து பகாட்டில் இருபத்திரண்டு நிமிடம். ("தப்பான வீட்லயா? அலமாக், பாவமே" என்றார் அம்மா, உண்மையான இரக்கத்தோடு.) ஒவ்வொரு கதைக்குப் பின்னும் பாட்டின் ஒரு துண்டு ஒலித்தது. சிம்பாங் ரெங்கத்தில் எனக்குத் துணையிருந்த பாட்டுகள் வரிசையாக வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயின. கடைசிப் பத்தி வந்தது. பொந்தியான், ஆறாவது, மிகவும் ஆசைப்படுகிறேன். நான் தரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். "அஞ்சு உருப்படி டிக்லேர் பண்ணாம, ஒளிச்சு உள்ள கொண்டாந்துட்டீங்களேம்மா."

அத்தை தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்புகிறோம் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அந்தக் கைப்பையின் அசைவு ஐந்து முறை பழக்கம். ஆனால் இந்த முறை வாசலை நோக்கித் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

அறிவிப்பாளர் விடவில்லை. "இன்று இரண்டாம் ஞாயிறு. அப்படியென்றால் நம் நண்பர் இந்த நிமிடம் பொந்தியானில் இருக்க வேண்டும். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா? கூப்பிடுங்கள்."

சிங்கப்பூரே கூப்பிட்டது. ஒரு பெண்மணி அந்த நோட்டுகளை எரிக்கச் சொன்னார். ஒருவர் அந்தப் பொந்தியான் பெண்ணைப் பின்வாசல் வழியாக ஓடச் சொன்னார்.

"என்னா சொல்றான்?"

"பின்வாசலைப் பூட்டச் சொல்றான்" என்றார் அப்பா. அவர் திரித்துச் சொன்னது அது ஒன்றுதான்.

"அடுத்த அழைப்பு" என்றார் அறிவிப்பாளர், "பொந்தியானிலிருந்து."

"ஹலோ" என்றது அடுக்களை.

ஐந்து விநாடி கழித்து, "ஹலோ" என்றது ரேடியோ.

"இவ குரல் மாதிரி இருக்கே" என்றார் அம்மா. அதன் பிறகு அவள் ஆங்கிலத்தில் பேசிய எல்லாமே எங்களுக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் சுவருக்குப் பின்னாலிருந்து, பிறகு கடலுக்கு அப்பாலிருந்து.

"நான்தான் அந்த ஆறாவது" என்றாள். "எனக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, என்னைப் பாக்குறதுக்கு முன்னாடியே எனக்கு நம்பர் போட்டது எனக்குப் பிடிக்கல."

அறிவிப்பாளர் "நியாயம்" என்றார்.

"ரெண்டாவது, எங்க வீட்டுக்கும் நாலு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. மூணு பேரை நான் வேணாம்னேன். ஒருத்தர் என்னை வேணாம்னாரு. எங்கப்பா இவங்ககிட்ட இதான் முதல்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்கு இங்க நல்லாவே கேட்டுச்சு."

ஐந்து விநாடி கழித்து ரேடியோ அதை இன்னொரு முறை தெளிவாகச் சொன்னது. இந்த முறை அப்பா மொழிபெயர்க்கவில்லை.

அத்தையின் மடியிலிருந்து கைப்பை கீழே இறங்கியது. கறிபாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "டிக்லேர் பண்ணலியே, அண்ணே" என்றார், ரொம்ப மரியாதையாக.

கஸ்டம்ஸ் அதிகாரி வாழ்க்கையில் முதல் முறை பிடிபட்ட முகத்தோடு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முறுக்குத் தட்டை அத்தையின் பக்கம் நகர்த்தினார்.

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றது அடுக்களை. "அஞ்சு பாட்டும் திரும்பி வரும்போது கேட்டது. இன்னிக்கு இங்க வரும்போது என்ன பாட்டு கேட்டாருன்னு கேளுங்க."

"குணசேகரன், அங்கே இருக்கிறீர்களா?" என்றார் அறிவிப்பாளர்.

நான் அடுக்களை வாசலுக்குப் போனேன். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரை அழுத்தி என் பக்கம் நீட்டினாள். உடனே ரேடியோவும் கைப்பேசியும் ஒன்றையொன்று கேட்டு ஒரு ஊளையிட்டன பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. "தயவுசெய்து உங்கள் ரேடியோவைக் குறையுங்கள்" என்றார் அறிவிப்பாளர். நான் போட்ட ரேடியோவை அப்பா ஓடிப்போய் அணைத்தார். எனக்கு இருந்த ஒரே தொழில்நுட்பப் பெருமையும் அதோடு போயிற்று.

"என்ன பாட்டு?" என்றாள் அவள், என்னிடமே.

தேதி கேட்டால் சொல்வேன், மணி கேட்டால் சொல்வேன். கார் ஓட்டத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் என்னிடம் ஒரு பாட்டு உண்டு. அந்தக் காலைக்கு மட்டும் இல்லை.

"பாட்டு கேக்கல" என்றேன். "ரேடியோவே போடல. இங்க வந்து உங்ககிட்ட என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

"என்ன பேசறதா இருந்தீங்க?"

"இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அவள் சிரித்தாள். படத்தில் இல்லாத சிரிப்பு. பதிமூன்று வயதுக்குப் பிறகு முதல் முறையாக, எதையும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் முடிவு என்ன?" என்றார் அறிவிப்பாளர். அவர் குரலில் கேள்வியைவிடக் கெஞ்சல் அதிகம் இருந்தது.

"அது ரேடியோவுல சொல்றதில்லை லா" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், அப்பாவின் முன்னால் நின்று, "எனக்குச் சரிப்பா" என்றாள்.

அணைத்த ரேடியோவின் பக்கத்திலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். "இந்தப் பையன்கிட்ட ஒளிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் மிச்சம் இல்ல" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் சிங்கப்பூருக்கே சொல்லிட்டான். நாமதான் இன்னும் ஒளிச்சிக்கிட்டிருந்தோம்." அத்தையைப் பார்த்து, "தேதி பாக்கலாமா?" என்றார். அத்தை வாயில் முறுக்கு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். அன்று பொந்தியானில் ஆறு இடத்துக்கும் சேர்த்து வென்றுவிட்டு வந்தோம் என்பது அவர் கட்சி.

திரும்பும்போது அத்தை தானாகவே கார் ரேடியோவைப் போட்டார். அறிவிப்பாளர் இன்னும் எங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பொந்தியானில் என்ன ஆனது என்று கேட்டு நேயர்கள் விடாமல் கூப்பிடுகிறார்களாம். ஸ்கூடாய் வரை அத்தை வாய் ஓயாமல் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார், அவருக்குக் கேட்கும் என்பதுபோல. கல்யாணத்தன்று எங்களுக்குத் தெரியாத மூன்று குடும்பங்கள், ரேடியோ வழியாகத் தேதி தெரிந்து, சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து வந்து அட்சதை போட்டன. நோட்டை எரிக்கச் சொன்ன பெண்மணியும் அதில் ஒருவர். எங்களுக்கு அவர் கொடுத்த பரிசு ஒரு புது நோட்டு.

என் மாமனாருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் பொந்தியான் போகும்போதெல்லாம் வாசல் கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் காட்டி காரை நிறுத்துவார். "டிக்லேர் பண்ண ஏதாச்சும் இருக்கா?" மைத்துனர்கள் முதல் தூரத்துச் சொந்தம் வரை எல்லோருக்கும் இதே சோதனைதான். புதிதாகச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அதைக் கேட்டு விழிப்பார்கள். உடனே யாராவது ஒருவர் ஆரம்பத்திலிருந்து கதையைச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு நிமிடம் என்பது சிலர் வாயில் இப்போது ஒரு மணி நேரமாகிவிட்டது. நான் திருத்துவதில்லை.

போன மாதம் போயிருந்தபோதும் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, மாமா" என்றேன்.

"பொய் சொல்றாருப்பா" என்றாள் யோகேஸ்வரி, பக்கத்து இருக்கையிலிருந்து. "கல்யாணத்துக்கு அப்புறம் கேட்ட பாட்டையெல்லாம் வச்சு இன்னொரு லெட்டர் அனுப்பியிருக்காரு. நாளைக்குக் காலைல வாசிக்கிறாங்களாம்."

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டை முழுவதுமாகத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் குரல் கொடுத்தார்: "கேசரி கிண்டு. நாளைக்கு மாப்பிள்ளை ரேடியோவுல வராரு."